திறப்பைத் திருப்பினால் சத்தமே இல்லை: கியர் சுவிட்ச் பழுதைக் கண்டுபிடிப்பது எப்படி?

(மீள்குடியேறிய குடும்பங்களுக்கான வாழ்வாதார வகுப்பில் வாகன மின்வேலை செய்யும் ஒருவர் ஆற்றிய உரை)



வாகனத்தைப் பற்றிக் கதைக்க முதல் ஒரு விடயம். உங்களில் சிலருடைய வாகனம் உறவினர் வீட்டில் நின்றிருக்கும். சிலருடையது பற்றைக்குள் நிற்கும். பற்றைக்குள் நிற்கும் வாகனத்துக்குக் கிட்டப் போக வேண்டாம். அது உங்கள் சொந்தக் காணியாக இருக்கலாம், உங்கள் பெயரில் பதிந்த வாகனமாக இருக்கலாம். அந்த இடம் மிதிவெடி அகற்றப்பட்டுக் கையளிக்கப்பட்ட இடமா என்பதைக் கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். சிவப்புப் பலகையோ மண்டையோட்டுக் குறியோ இருந்தால் அந்தப் பக்கமே போகக்கூடாது. பலகை இல்லை என்பதற்காகப் பயமில்லை என்றும் நினைக்காதீர்கள். கயிறு கட்டி இழுப்பது, கதவைத் திறந்து பார்ப்பது, பிள்ளைகளை விட்டு இரும்பு பொறுக்குவது ஒன்றும் வேண்டாம். நான் இனிச் சொல்லப் போவதெல்லாம் துப்புரவாக்கிய நிலத்தில், உங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கும் வாகனத்துக்கு மட்டும்தான்.

போன மாதம் ஒரு அக்கா என்னிடம் வந்தார். வெளிநாட்டில் இருக்கும் தம்பி முன்னர் எடுத்துக் கொடுத்த வான் ஒன்று அவரிடம் இருக்கிறது. ஓட்டோமற்றிக் கியர். இடம்பெயர்ந்த காலம் முழுக்க வவுனியாவில் சொந்தக்காரர் வீட்டு வேப்பமரத்துக்குக் கீழே நின்றது. இப்போது ஊருக்குக் கொண்டுவந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கினால் வீட்டுச் செலவைப் பார்க்கலாம் என்று நினைத்தார். பற்றரி புதிது போட்டாயிற்று. விளக்கெல்லாம் எரிகிறது. திறப்பைத் திருப்பினால் ஒரு சத்தமும் இல்லை. ஒரு கராஜில் காட்டியிருக்கிறார். கியர் பெட்டி போய்விட்டது, வேறு பெட்டி இறக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் அடகு வைப்பதற்கு இரண்டு காப்பைத் துணியில் சுற்றிக்கொண்டு போகும் வழியில்தான் என்னிடம் வந்தார்.

அந்த வானின் கியர் பெட்டிக்கு ஒன்றும் இல்லை. பெட்டியின் பக்கத்தில் பூட்டியிருக்கும் ஒரு சுவிட்சின் பிளக்குக்குள் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. பல் விளக்கும் பழைய பிரஷ் ஒன்றால் துப்புரவாக்கினேன். ஸ்ராட் ஆகியது. காப்பு இப்போதும் அக்காவின் கையில்தான் இருக்கிறது.

எல்லா வாகனமும் இப்படிச் சுகமாகத் திரும்பாது. சிலதுக்கு உண்மையாகவே பெட்டி போயிருக்கும். ஆனால் காசு கொடுக்க முதல் எங்கே பழுது என்று நீங்கள் ஓரளவாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும். வான் உங்களுடையது, கடனும் உங்களுடையதாகத்தான் இருக்கும்.

இந்தச் சுவிட்சைக் கராஜ்காரர் நியூற்றல் சுவிட்ச் என்பார்கள். சிலர் கியர் சென்சர் என்பார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும். நீங்கள் கியர் லீவரை அசைக்கும்போது கியர் பெட்டியின் பக்கத்தில் ஒரு தண்டு திரும்பும். அந்தத் தண்டில்தான் இது கோர்க்கப்பட்டிருக்கிறது. உள்ளே சின்னச் சின்னச் செம்புத் தகடுகள். லீவர் எந்த இடத்தில் நிற்கிறதோ அதற்கேற்ற தகடுகள் ஒன்றையொன்று தொடும்.

இதனால் மூன்று வேலை நடக்கிறது. லீவர் பார்க்கிலோ நியூற்றலிலோ நிற்கும்போது மட்டும் ஸ்ராட்டருக்குப் போகும் கரண்டை விடும். மற்ற இடங்களில் மறிக்கும். றிவேஸ் போட்டால் பின்னால் வெள்ளை விளக்கை எரிய வைக்கும். எந்தக் கியரில் நிற்கிறது என்பதை டாஷ் போர்ட்டில் இருக்கும் சின்ன விளக்குகளுக்கும், சில வாகனங்களில் கியரை நடத்தும் கம்பியூட்டருக்கும் சொல்லும். அந்தக் கம்பியூட்டருக்குக் கியர் நிலை சரியாகத் தெரியாவிட்டால் அது வாகனத்தை ஒரே கியரில் வைத்துக்கொண்டு இழுக்கும், அல்லது கியர் விழும்போது உதைக்கும். பெட்டி போய்விட்டது என்று பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

எங்களில் வயது போனவர்களுக்கு இது புதுப் பிரச்சினை. யாழ்ப்பாணத்தில் பெற்றோலுக்கும் பற்றரிக்கும் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் ஒஸ்ரினும் மொறிசும் ஓடிய ஆட்கள் நாங்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டோம். அந்தக் கார்களைத் தள்ளியாவது ஸ்ராட் பண்ணலாம். ஓட்டோமற்றிக் கியர் வானைத் தள்ளி ஸ்ராட் பண்ண முடியாது. பத்துப் பேர் நின்று தள்ளினாலும் களைப்புத்தான் மிச்சம். லான்ட்மாஸ்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. அவர்கள் கொஞ்ச நேரம் நித்திரை கொள்ளலாம்.

நின்ற வாகனத்தில் இந்தச் சுவிட்ச் ஏன் பழுதாகிறது? இது இருப்பது வாகனத்தின் அடிப்பக்கம். மாரி வெள்ளம், சேறு, ஈரம் எல்லாம் அங்கேதான் படும். பிளக்கின் ரப்பர் வெடித்தால் தண்ணீர் உள்ளே போகும். செம்பில் பச்சை பிடிக்கும், இரும்பில் கறள் பிடிக்கும். அதோடு எலி. நின்ற வானுக்குள் எலி கூடு கட்டாமல் விடாது. வயரின் மேலுறையைக் கடிக்கும். போனட்டையோ சீற்றையோ தூக்க முதல் தடியால் தட்டிச் சத்தம் எழுப்புங்கள். எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பும் வரும். குளவிக் கூட்டையும் பாருங்கள்.

இப்போது பார்ப்போம். முதலில் ஆயுதம் ஒன்றும் வேண்டாம். கண்ணும் காதும் போதும். வாகனம் சமதரையில் நிற்கட்டும். ஹான்ட் பிறேக்கை இழுங்கள். சில்லுக்கு முன்னாலும் பின்னாலும் கல்லோ கட்டையோ வையுங்கள். லீவர் பார்க்கில் நிற்கட்டும். பிள்ளைகளை முற்றத்தை விட்டு அனுப்புங்கள்.

பெரிய விளக்கைப் போட்டுவிட்டுத் திறப்பைத் திருப்புங்கள். ஒருவர் முன்னால் அல்ல, பக்கத்தில் நின்று விளக்கைப் பார்க்கட்டும். விளக்கு நன்றாக மங்கினால் கரண்ட் ஸ்ராட்டர் வரைக்கும் போகிறது. அப்படியானால் பற்றரி, பற்றரி முனைகள், ஏர்த் வயர், ஸ்ராட்டர் இவற்றைத்தான் பார்க்கவேண்டும். விளக்கு கொஞ்சமும் மங்கவில்லை, 'டிக்' என்ற சத்தமும் இல்லை என்றால் கரண்ட் ஸ்ராட்டருக்கு வரவே இல்லை. வழியில் எங்கேயோ அறுந்திருக்கிறது. பியூஸ், திறப்புச் சுவிட்ச், நியூற்றல் சுவிட்ச், றிலே, இவற்றை இணைக்கும் வயர், இந்த ஐந்தில் ஒன்று.

பிறகு பிறேக்கை நன்றாக மிதித்துக்கொண்டு லீவரை நியூற்றலுக்குக் கொண்டுவந்து திருப்பிப் பாருங்கள். பார்க்கில் வேலை செய்யாதது நியூற்றலில் வேலை செய்தால், அல்லது லீவரைக் கொஞ்சம் ஆட்டும்போது மட்டும் வேலை செய்தால், சந்தேகம் நேராக நியூற்றல் சுவிட்சின் மேல்தான். ஒன்றில் உள்ளே தேய்ந்திருக்கும், அல்லது பூட்டிய போல்ற் தளர்ந்து சுவிட்ச் இடம் மாறியிருக்கும், அல்லது லீவரின் கேபிள் இளகியிருக்கும்.

இன்னொரு அடையாளம் சொல்கிறேன். திறப்பை ஸ்ராட் வரைக்கும் கொண்டுபோகாமல் ஒன்னில் மட்டும் வைத்து, பிறேக்கை மிதித்துக்கொண்டு, லீவரைப் பார்க்கிலிருந்து ஒவ்வொரு இடமாக நகர்த்துங்கள். டாஷ் போர்ட்டில் அந்தந்த எழுத்து எரிகிறதா? ஒரே நேரத்தில் இரண்டு எரிகிறதா? றிவேசில் பின் விளக்கு எரிகிறதா? ஒன்றுமே ஒழுங்கில்லை என்றால் பிளக் முழுவதும் பழுது. ஒரு இடம் மட்டும் பிழை என்றால் அந்தத் தகடோ அந்த வயரோதான். இதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். கராஜுக்குப் போகும்போது அந்தத் தாளைக் கொண்டுபோங்கள். எழுதிக்கொண்டு வரும் ஆளிடம் கண்டபடி கதை சொல்ல எவருக்கும் கொஞ்சம் தயக்கம் வரும்.

இதற்கு மேல் போவதற்கு ஒரு பல்ப் வேண்டும். பிறேக் விளக்குக்குப் போடும் 12 வோல்ற்று, 21 வாட்ஸ் பல்ப்பை எடுத்து இரண்டு வயர் பொருத்துங்கள். மீற்றர் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். இந்த வேலைக்கு மீற்றரை விடப் பல்ப்தான் நல்லது. ஏனென்றால், களிம்பு பிடித்த வயரில் மீற்றரை வைத்தால் அது 12 வோல்ற்று என்று காட்டிவிடும். மீற்றர் இழுக்கும் கரண்ட் மிகச் சொற்பம். அந்தச் சொற்பம் களிம்புக்குள்ளாலும் போகும். பல்ப் நிறைய இழுக்கும். வழி கெட்டுப்போயிருந்தால் பல்ப் மங்கும், அல்லது எரியவே எரியாது. நான் வேலை பழகிய காலத்தில் மீற்றரை நம்பி ஒரு நாள் முழுக்க வீணாக்கியிருக்கிறேன்.

முதலில் பற்றரியின் நெகற்றிவ் முனையைக் கழற்றுங்கள். ஸ்ராட்டரில் ஒரு தடித்த வயரும் ஒரு மெல்லிய வயரும் வரும். மெல்லிய வயரைக் கழற்றுங்கள். அது கழன்று நிற்கும்வரை திறப்பைத் திருப்பினாலும் எஞ்சின் சுற்றாது. அதனால்தான் இந்த இடத்தில் தொடங்கச் சொல்கிறேன். தடித்த வயரில் கை வைக்க வேண்டாம், அதில் எப்போதும் பற்றரி கரண்ட் இருக்கும். பல்ப்பின் ஒரு முனையைக் கழற்றிய மெல்லிய வயரிலும் மறுமுனையை எஞ்சினின் துப்புரவான இரும்பிலும் தொடுத்து, உடம்பில் எதுவும் படாமல் ரேப் சுற்றி, நீங்கள் வெளியே வாருங்கள். பற்றரியைத் திரும்பப் பூட்டுங்கள். இப்போது ஒருவர் திறப்பைத் திருப்பட்டும்.

பார்க்கிலும் நியூற்றலிலும் பல்ப் பளிச்சென்று எரிந்தால் வழி முழுவதும் நல்லம். நியூற்றல் சுவிட்சையும் கியர் பெட்டியையும் விட்டுவிட்டு ஸ்ராட்டரைக் கழற்றிக் கொண்டுபோங்கள். ஒன்றில் எரிந்து மற்றதில் எரியாவிட்டால் நியூற்றல் சுவிட்ச். மங்கலாக எரிந்தால் எங்கேயோ களிம்பு. இரண்டிலும் எரியவே இல்லை என்றால் அடுத்தது பியூசைப் பார்த்துவிட்டு, நியூற்றல் சுவிட்சின் பிளக்குக்குப் போகவேண்டும்.

பிளக்குக்குப் போக வாகனத்தின் அடியில் போகவேண்டி வரலாம். ஜக்கில் தூக்கிவிட்டு அடியில் படுக்கக்கூடாது. ஜக் சில்லு மாற்ற மட்டும்தான். குழி உள்ள இடத்துக்குக் கட்டி இழுத்துச் செல்லுங்கள். இழுக்கும்போது எஞ்சின் சுழற்றும் சில்லுகள் நிலத்தில் உருண்டால் ஓட்டோமற்றிக் கியர் பெட்டி எண்ணெய் இல்லாமல் சூடாகிக் கெட்டுவிடும், அதனால் அந்தச் சில்லுகளைத் தூக்கி வைத்தே இழுக்க வேண்டும். அடியில் வேலை செய்யும் ஆளின் சட்டைப்பையில்தான் திறப்பு இருக்கவேண்டும். இது என்னிடம் வேலை பழகும் பொடியன்களுக்கு நான் முதல் நாள் சொல்லும் விதி.

பிளக்கைக் கழற்றியதும் உள்ளே பாருங்கள். பாதிப் பழுது அங்கேயே கண்ணுக்குத் தெரியும். பச்சை, வெள்ளைத் தூள், கறுத்த முனை, வளைந்த கம்பி. பற்றரியைக் கழற்றிவிட்டு, கொன்ராக்ட் கிளீனர் கிடைத்தால் அதை அடித்து, மெல்லிய பிரஷால் தேய்த்து, நன்றாகக் காயவிடுங்கள். உப்புத்தாள் போட்டு உரஞ்ச வேண்டாம். மேலுள்ள பூச்சுப் போனால் அடுத்த மாரிக்குத் திரும்பவும் பச்சை பிடிக்கும். பூட்டியபின் திரும்பவும் ஸ்ராட்டர் வயரில் பல்ப்பைப் பாருங்கள். அந்த அக்காவின் வான் இந்த இடத்தில்தான் திருந்தியது.

திருந்தவில்லையா? சுவிட்சையே சோதிக்கவேண்டும். பிளக் கழன்று இருக்கும்போது சுவிட்சின் பக்கத்தில் உள்ள முனைகளில் இரண்டு, பார்க்கிலும் நியூற்றலிலும் மட்டும் ஒன்றோடொன்று தொடுக்கும். மற்ற எந்தக் கியரிலும் தொடுக்காது. மீற்றரை ஓம் பக்கத்துக்கு வைத்தால் அந்த இரண்டையும் கண்டுபிடிக்கலாம். ஒரு ஓமுக்குக் குறைவாகக் காட்டவேண்டும். பார்க்கில் தொடுத்து நியூற்றலில் தொடுக்காவிட்டாலும், அப்படி ஒரு சோடியே கிடைக்காவிட்டாலும் சுவிட்ச் பழுது. சுவிட்ச் நல்லம் என்றால், வரும் வயரில் கரண்ட் இருக்கிறதா என்று வாகனப் பக்கப் பிளக்கில் பல்ப்பை வைத்துப் பார்க்கலாம். ஆனால் அந்த இரண்டு முனைகளில் மட்டும். கம்பியூட்டருக்குப் போகும் வயர்களில் பல்ப்பை வைத்தால் கம்பியூட்டர் எரிந்துபோகலாம். மஞ்சள் உறை போட்ட எயார் பாக் வயர்களைத் தொடவே வேண்டாம். வயரின் நிறத்தையும் நம்பாதீர்கள். வன்னியில் ஓடிய வாகனங்களில், கிடைத்த வயரைக் கிடைத்த இடத்தில் பொருத்தியிருக்கிறோம். அந்த ஆட்களில் நானும் ஒருவன்.

சுவிட்ச் இடம் மாறியிருந்தால் புதிது தேவையில்லை. லீவரை நியூற்றலில் வைத்து, போல்ற்றைத் தளர்த்தி, சுவிட்சில் உள்ள கோடும் தண்டின் வெட்டும் நேராக வரும்வரை திருப்பி இறுக்கவேண்டும். மாற்றத்தான் வேண்டும் என்றால் கொழும்பில் பஞ்சிகாவத்தையில் பாவித்த சாமான் கிடைக்கும். பழையதைக் கையோடு கொண்டுபோங்கள், சேசி இலக்கத்தையும் எழுதிக்கொண்டு போங்கள். வெளியில் ஒரேமாதிரி இருக்கும் இரண்டு சுவிட்சுக்கு உள்ளே முனைகள் மாறி இருக்கும். கடையிலேயே மீற்றர் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக. நியூற்றலில் பச்சை விளக்கு எரியவில்லை, செல்ப் அடிக்கவில்லை என்றால் எஞ்சினின் பக்கத்தில் நியூற்றல் சுவிட்சுக்கு வரும் வயரைப் பாருங்கள். பல சைக்கிள்களில் ஒரே ஒரு வயர்தான். அதைக் கழற்றி, திறப்பை ஒன்னில் வைத்து, வயரின் முனையை எஞ்சின் இரும்பில் தொடுங்கள். பச்சை விளக்கு எரிந்தால் சுவிட்ச் பழுது. எரியாவிட்டால் பல்ப்போ வயரோ பழுது. இரண்டு நிமிட வேலை.

இனிச் சொல்லப்போவது நான் விரும்பிச் சொல்லும் கதை இல்லை. வவுனியாவில் வேலை பழகிய காலத்தில் ஒருவர் அவசரமாக வான் கொண்டுவந்தார். சுவிட்ச் பழுது. சாமான் வர நாள் எடுக்கும். அவருக்கு அடுத்த நாள் ஹயர். நான் அந்த இரண்டு வயரையும் ஒன்றாக முறுக்கி நேரடியாகக் கொடுத்துவிட்டேன். உடனே ஸ்ராட் ஆனது. அவருக்குச் சந்தோசம், எனக்கும் பெருமை. இரண்டு கிழமையில் அவருடைய மகன் முற்றத்தில் நின்ற வானில் ஏறித் திறப்பைத் திருப்பியிருக்கிறான். லீவர் டிரைவில் நின்றிருக்கிறது. வான் பாய்ந்து குசினிச் சுவரை இடித்துக்கொண்டு போனது. சுவரோரம் இருந்து தேங்காய் துருவிய அம்மம்மாவின் கால் முறிந்தது. உயிர் தப்பினார், ஆனால் பிறகு கோல் இல்லாமல் நடக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். என்னில் பிழை சொல்லவில்லை. 'உமக்குத் தெரியாதே தம்பி' என்றுதான் சொன்னார். எனக்குத் தெரியும்.

ஆனபடியால் எவராவது 'அந்த இரண்டு வயரையும் சோட் பண்ணி விடுகிறேன் அண்ணை, செலவில்லை' என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் வான் இவ்வளவு காலமும் யார் யாரோ கையில் இருந்திருக்கலாம். யாராவது முன்னரே அப்படிச் செய்திருக்கவும் கூடும். நல்லாக ஸ்ராட் ஆகும் வானையும் ஒருமுறை சோதியுங்கள். முன்னாலும் பின்னாலும் ஆளோ சுவரோ இல்லாத வெளியில் நிறுத்தி, சில்லுக்குக் கட்டை வைத்து, ஹான்ட் பிறேக்கை இழுத்து, கால் பிறேக்கை முழுக்க மிதித்துக்கொண்டு, லீவரை டிரைவில் வைத்துத் திறப்பை ஒரு நொடி மட்டும் திருப்புங்கள். பிறகு றிவேசில் அப்படியே. இரண்டிலும் எஞ்சின் சுற்றக்கூடாது. சுற்றினால் அன்றைக்கே அந்த வானை ஓடுவதை நிறுத்தி, சுவிட்சைப் பார்ப்பியுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்ற நினைப்பவர்கள் முதல் பிள்ளையை ஏற்ற முதல் இதைச் செய்யுங்கள்.

வெளியில் மாமரத்துக்குக் கீழே ஒரு பழைய வான் நிற்கிறது. அதில் மூன்று பழுதுகளை நான் காலையில் வேண்டுமென்றே வைத்திருக்கிறேன். நால்வர் நால்வராக வாருங்கள்; பெண்கள் குழு முதலில் வரட்டும். பல்ப் மேசையில் இருக்கிறது. திறப்பு என்னுடைய சட்டைப்பையில் இருக்கிறது.